தாத்தாவோட அம்பாசிடரை ஓட்ட ஆசையா? லோன் போடுறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க்கை இறக்குங்க

எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசுற சேனல்ல பெட்ரோல் டேங்க்குக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. வேலை இருக்கு. கடைசியா பார்த்தா இதுவும் ஒரு லோன் விஷயம்தான்.

இப்படி வச்சுக்குவோம். உங்களுக்கு வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ. சொந்த ஊர் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, இல்ல ஸ்ரீவைகுண்டம் பக்கம். லீவுக்குப் போறீங்க. வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகைக்குள்ள தாத்தாவோட அம்பாசிடர் நிக்குது. ஓடி நாலஞ்சு வருஷம் ஆச்சு. விக்கலாம்னு பேச்சு வந்தா ஆச்சி முகம் வாடுது. "வித்துராதய்யா, தாத்தா புள்ள மாதிரி பாத்த வண்டி." உள்ளூர் மெக்கானிக் அண்ணாச்சி வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "ஒன்றரை லட்சம் எடுத்து வைங்க தம்பி, புதுசு மாதிரி ஆக்கிரலாம்"ங்கிறார். அதே நேரத்துல உங்க போன்ல "உங்களுக்கு முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட பர்சனல் லோன்"னு ஒரு மெசேஜ். இந்த ரெண்டும் ஒண்ணா வர்ற இடம்தான் ஆபத்து.

கணக்கைப் போட்டுருவோம். 1,50,000 ரூபாய், 14 சதவீத வட்டி, 3 வருஷம்னு எடுத்துக்கிட்டா இ.எம்.ஐ. சுமார் 5,127 ரூபாய். முடியும்போது நீங்க கட்டியிருக்கிற வட்டி மட்டும் 34,500 ரூபாய்க்கு மேல. அந்தப் பணத்துல பெயின்ட் அடிச்சிருப்பீங்க, சீட் கவர் மாத்தியிருப்பீங்க, குரோம் பாலிஷ் போட்டிருப்பீங்க. ஆனா வண்டி வண்ணார்பேட்டை பாலத்து மேல நின்னுரும். ஏன்னா அதோட டேங்க்குக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

என் வாதம் சின்னதுதான். பழைய வண்டியில முதல் ரூபாய் டேங்க்குக்குப் போகணும். பெயின்ட்டுக்கோ எஞ்சினுக்கோ அதுக்கு அப்புறம்தான். அதுக்கு லோன் வேண்டாம், ஒரு மாசச் சம்பளத்துல ஒரு பகுதி போதும். டேங்க்கை இறக்கிப் பார்த்தா, அடுத்த ஒரு லட்சத்தைச் செலவு பண்ணலாமா வேண்டாமாங்கிறதுக்கும் பாதி பதில் கிடைச்சிரும்.

காசு தப்பான முனையில கரையுது

டேங்க்ல துரு இருக்கிற வண்டிக்கு ஒரு குணம் உண்டு. காலையில ஸ்டார்ட் ஆகும், நல்லா ஓடும். நாலஞ்சு கிலோமீட்டர் போனதும் இழுக்காது, திக்கித் திக்கி நின்னுரும். பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். பார்க்கிறவங்க எல்லாம் "காயில் சூடாகுது"ம்பாங்க. காயில் மாத்துவீங்க. அப்புறம் "பெட்ரோல் பம்ப் போச்சு"ம்பாங்க. பம்ப் மாத்துவீங்க. அப்புறம் கார்புரேட்டரைக் கழட்டி சர்வீஸ்.

உள்ள நடக்கிறது வேற. டேங்க் அடியில இருந்து பெட்ரோலை எடுக்கிற குழாய் ஒண்ணு இருக்கு. வண்டி ஓடும்போது துருச் செதிள்கள் அந்தக் குழாய் வாயில போய் அப்பிக்கும். நிறுத்தினதும் உறிஞ்சல் நின்னு, செதிள் கீழ விழுந்துரும். அதனாலதான் பத்து நிமிஷத்துல வண்டி 'சரியாகிடுது'. மாவு மாதிரி பொடித்துரு ஃபில்டரையும் தாண்டி கார்புரேட்டர் ஜெட் வரைக்கும் போயிரும். நீங்க கழுவிக் கழுவி மாட்டுவீங்க, டேங்க் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கும். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற கதைதான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பழைய வழி இருக்கு. மெக்கானிக்கிட்ட சொல்லி, டேங்க்ல இருந்து வர்ற குழாயைக் கழட்டிட்டு, சுத்தமான பெட்ரோல் இருக்கிற ஒரு சின்ன உலோகக் கேன்ல இருந்து பம்ப்புக்கு இணைப்பு கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. வண்டியை நகர்த்தாம, வெளியில திறந்த இடத்துல, கேன் சூடான பாகம் பக்கம் போகாம. அரை மணி நேரம் சீரா ஓடினா எஞ்சின் மேல பழி போட வேண்டாம். இந்த ஒரு சோதனை, தேவையில்லாத நாலு பார்ட்ஸ் பில்லை மிச்சப்படுத்தும்.

நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு துரு?

அம்பாசிடர் டேங்க் சுமார் 54 லிட்டர் பிடிக்கும். நிறுத்தி வச்ச வண்டியில பெரும்பாலும் அஞ்சு, பத்து லிட்டர்தான் கிடக்கும். மீதி எல்லாம் காற்று. பகல்ல தகரக் கொட்டகை சூட்டுல அந்தக் காற்று விரிஞ்சு வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் புதுக் காற்று உள்ள வரும். அதுல இருக்கிற ஈரம் டேங்க் சுவர்ல வேர்வை மாதிரி படியும். தாமிரபரணிப் படுகையோட வசதியே இங்க பிரச்சினை. மேற்கே பாபநாசம், அம்பை பக்கம் ஜூன்லயே சாரல் ஆரம்பிச்சிரும். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் வயல்ல தண்ணி நிக்கும், கால்வாய் ஓரத்து வீட்ல கொட்டகைத் தரையே எப்பவும் சில்லுன்னு இருக்கும். நெல்லுக்கு நல்லது, இரும்புக்கு இல்ல.

பழைய எஃகு டேங்க்குகள் நிறையவற்றுக்கு உள்பக்கம் காரீயமும் வெள்ளீயமும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் முன்னாடி தெருத்தெருவா வருவார்னு ஆச்சி சொல்லியிருப்பாங்கல்ல, அதே தத்துவம். பூச்சு இருக்கிற வரைக்கும் உலோகத்தைத் தண்ணி தொடாது. ஒரு இடத்துல பூச்சு போச்சுன்னா, அந்தப் புள்ளியில ஆரம்பிச்சு அடியிலயே ஊசி ஓட்டை வரைக்கும் போகும்.

இப்ப இன்னொரு ஆளும் சேர்ந்தாச்சு. இ20. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில அறிமுகமாச்சு. இன்னிக்கு பங்க்ல கிடைக்கிற சாதாரண பெட்ரோல் அதுதான். எத்தனாலுக்குத் தண்ணி மேல பாசம் ஜாஸ்தி. காற்றுல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ஓரளவுக்கு மேல தண்ணி சேர்ந்துட்டா எத்தனாலும் தண்ணியும் கைகோத்துக்கிட்டு பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் உக்காந்துரும். சரியா உறிஞ்சு குழாய் இருக்கிற இடம். அதோட, முப்பது நாப்பது வருஷமா சுவர்ல ஒட்டியிருந்த பழைய பிசினையும் எத்தனால் இளக்கி விட்டுரும். சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாத்த வேண்டி வரலாம்னு 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கு. அதனால டேங்க் வேலை பார்க்கும்போதே ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், மூடி வாஷர் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற வகையில மாத்திருங்க. பெரிய காசு இல்ல. ஆனா ஒரு ஹோஸ் வெடிச்சுப் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு மேல வழிஞ்சா, காசைப் பத்திப் பேசவே வேண்டியிருக்காது.

ஒரு சின்ன விலகல். டி.வி.எஸ். நிறுவனத்தை ஆரம்பிச்ச டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம்ம மாவட்டத்துத் திருக்குறுங்குடிக்காரர். இரண்டாம் உலகப் போர் சமயத்துல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, பஸ் ஓட்ட கரி வாயுவை உண்டாக்குற 'கேஸ் பிளான்ட்' செஞ்சு கொடுத்தது அவரோட நிறுவனம். பெட்ரோலே இல்லாம வண்டி ஓட்டின ஊர்க்காரங்க நாம. பெட்ரோல்ல கொஞ்சம் எத்தனால் வந்ததுக்கு அழ வேண்டாம், டேங்க்கைச் சுத்தமா வச்சுக்கிட்டா சமாளிக்கலாம்.

2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த வண்டியா?

இதை முதல்ல கேளுங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தெருவுக்குள்ள வந்துச்சு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் எல்லாம் தனித்தீவாச்சு. அந்த மூணு நாலு நாள்ல தண்ணிக்குள்ள நின்ன வண்டிகள் எத்தனையோ. டேங்க்குக்கு மூடியும் காற்றோட்டக் குழாயும் இருக்கிறதால, பம்பர் உயரத்துக்குத் தண்ணி நின்னிருந்தாலே உள்ள போயிருக்க வாய்ப்பு உண்டு. வெறும் தண்ணி இல்ல, வண்டலும் சேர்த்து. சொந்தக்காரங்க கிட்டயே வாங்குறதா இருந்தாலும் "வெள்ளத்துல எவ்வளவு உயரம் நின்னுச்சு, மாமா?"ன்னு கேக்கிறதுல தப்பில்ல. கதவு உள் அட்டையைக் கழட்டினா வண்டல் கோடு தெரியும், அதுவே பதில் சொல்லிரும்.

வெள்ளம் பார்த்த வண்டியை 'ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம்'னு ஸ்டார்ட் பண்ணாதீங்க. பேட்டரி கேபிளைக் கழட்டிட்டு, எண்ணெயையும் பெட்ரோலையும் முழுசா வடிச்சுப் பார்த்துட்டுத்தான் மத்தது. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணியில நின்ன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி நீங்களே கூட்டின சேதத்துக்கு கம்பெனி மறுக்கலாம்.

முதல்ல ஒரு பாட்டில், ஒரு முகக்கண்ணாடி

டேங்க்ல என்ன இருக்குன்னு பார்க்க வண்டியை ஒர்க்ஷாப்புக்குத் தள்ள வேண்டியதில்ல. பேட்டரி கேபிளைக் கழட்டுங்க. கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான நிழல்ல. பக்கத்துல பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. கையால அமுக்குற சைஃபன் பம்ப் வாங்கிக்குங்க. வாய் வச்சு உறிஞ்சுறது நம்ம ஊர் வீர விளையாட்டு, தயவுசெஞ்சு வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா மாதிரி ஆகி ஆஸ்பத்திரி வரைக்கும் போகும்.

அடியில இருந்து அரை லிட்டர் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அரை மணி நேரம் வைங்க. தண்ணி இருந்தா அடியில தனியா ஒரு படலம் நிக்கும். செங்கல் நிறத்துல வண்டல் இருந்தா துரு. பெட்ரோல் வாசனை போய் பழைய வார்னிஷ் வாடை அடிச்சா, உள்ள பிசின் படிஞ்சிருக்கு. மூணும் சேர்ந்தே இருக்கலாம், நாலஞ்சு வருஷம் நின்ன வண்டியில அது சகஜம்.

எடுக்கிற பெட்ரோலைக் கேன்ல சேர்த்து வைக்கும்போது ஒரு சட்ட விஷயம். 1934 பெட்ரோலியம் சட்டப்படி, விக்கிறதுக்காக இல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாம மொத்தம் 30 லிட்டர் வரைக்கும்தான் வச்சுக்கலாம். உலோகக் கேன்னா ஒண்ணுல 25 லிட்டருக்கு மேல கூடாது. கண்ணாடி பாட்டில்னா ஒரு லிட்டர்தான். பிளாஸ்டிக் குடத்துல ஊத்தி அடுப்பங்கரைக்குப் பக்கத்துல வைக்கிறதெல்லாம் சட்டத்துக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது.

அப்புறம் டேங்க்கை இறக்கணும். அம்பாசிடர்ல டிக்கிக்கு அடியில இருக்கு, ரெண்டு பேர் வேணும். அளவு காட்டுற ஃப்ளோட் யூனிட்டைக் கழட்டினா ஒரு வட்ட ஓட்டை கிடைக்கும். அதுக்குள்ள பார்க்க பல்பு, எக்ஸ்டென்ஷன் லைட் எதையும் விடாதீங்க. ஒரு முகக்கண்ணாடியை எடுத்து நெல்லை வெயிலை உள்ள திருப்பி விடுங்க. காசில்லாத, தீப்பொறி வராத டார்ச் அது. மேல் சுவர், தடுப்புத் தகடு, அடிமூலை எல்லாம் தெளிவாத் தெரியும்.

அடிப்பக்கத்தை வெளியில கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. கிண்ணுனு இருந்தா வேலை பார்க்கலாம். அப்பளம் மாதிரி அமுங்கினா அந்த டேங்க்குல காசு போடாதீங்க. பழைய பாகம் தேடணும், இல்ல அளவெடுத்து புதுசா அடிக்கக் கொடுக்கணும். அம்பாசிடருக்கு இது இன்னும் சாத்தியம். உத்தர்பாடா ஆலையில உற்பத்தி 2014 மே மாசமே நின்னுருச்சு, ஆனா டாக்ஸியா ஓடித் தீர்ந்த வண்டிகளோட பாகங்கள் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்கள்ல இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. வாங்கப் போனா அங்கயும் இதே கண்ணாடி, இதே கட்டைவிரல்.

கழுவுறது எப்படி

அவசரப்படாம பண்ணினா ரெண்டு மூணு நாள் வேலை. முதல்ல துணிதுவைக்கிற சோப்புத் தூள் போட்ட சூடான தண்ணி, நாலஞ்சு தடவை, பெட்ரோல் வாடை போற வரைக்கும். பலர் இதைத் தாண்டிட்டு நேரா துருவுக்கு மருந்து ஊத்துவாங்க. பிசின் மேல எந்த மருந்தும் வேலை செய்யாது, எண்ணெய்க் கை மேல தண்ணி ஊத்தின மாதிரி வழுக்கிட்டுப் போயிரும்.

செதிள் தடிமனா இருந்தா சைக்கிள் செயின் துண்டு ஒண்ணைக் கம்பியில கட்டி உள்ள விட்டு, கொஞ்சம் தண்ணியோட குலுக்குங்க. கம்பியோட மறுமுனை வெளியில இருக்கணும். ஜல்லி, போல்ட், நட்டெல்லாம் போட்டுக் குலுக்கலாம்னு சொல்வாங்க. டேங்க்குக்குள்ள பெட்ரோல் அலையாம இருக்க தடுப்புத் தகடுகள் இருக்கு. அதுக்குப் பின்னால நாலு ஜல்லி மாட்டிக்கிட்டா ஆயுசுக்கும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் கடகடன்னு உங்களை ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும்.

அடுத்தது துரு. பலசரக்குக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே வேதியியல்தான், புளியில டார்டாரிக், இதுல சிட்ரிக். 5 சதவீதக் கரைசல் போதும். 54 லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்புங்க. பாதி ஊத்தினா பாதி டேங்க்தான் சுத்தமாகும், மேல் சுவர்லதான் வேர்த்து வேர்த்து துரு அதிகமா இருக்கும். 12 மணி நேரத்துல ஒரு தடவை வடிச்சுப் பாருங்க, 24 மணி நேரத்துல பெரும்பாலும் சாம்பல் நிறத்துல உலோகம் தெரியும். பாத்ரூம் ஆசிட் ஊத்தினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு யோசனை வரும். அது துருவோட சேர்த்து நல்ல தகட்டையும் மீதி இருக்கிற ஈயப் பூச்சையும் தின்னுரும். வேண்டாம்.

வடிச்சதும் ஆப்ப சோடா கலந்த தண்ணியில ஒரு தடவை அலசி அமிலத்தைத் தணிச்சிட்டு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. அதுக்கப்புறம்தான் பதற்றமான கட்டம். சுத்தமான இரும்பு ஈரத்தோட இருந்தா கண் முன்னாடியே பத்து நிமிஷத்துல மஞ்சள் பூத்துரும். தண்ணியை வடிச்ச உடனே, பெட்ரோல் வாடை துளிகூட இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, ப்ளோயர்ல சூடான காற்றை விட்டுக் காய வைங்க. சித்திரை வெயில் இருந்தா அதுவே பாதி வேலை. காய்ஞ்சதும் உடனே மாட்டி பெட்ரோல் நிரப்பப் போறீங்கன்னா சரி. நாளாகும்னா கொஞ்சம் எஞ்சின் ஆயிலை உள்ள சுழற்றிப் படிய விட்டு மூடி வைங்க. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் பெட்ரோல்ல அலசிக் கொட்டினாப் போதும்.

கை உறை கட்டாயம், அந்தப் பூச்சுல காரீயம் இருக்கு. சமையல் பாத்திரம், குடிநீர்க் குடம் எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீங்க. அலசின தண்ணியையும் பழைய பெட்ரோலையும் வாய்க்கால்ல ஊத்தாதீங்க. அந்த வாய்க்கால் தண்ணிதான் கீழே வயலுக்குப் போகுது. ஆறு நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கத் தண்ணி கொடுக்குது.

காலி டேங்க்தான் வெடிக்கும்

ஊசி ஓட்டை இருந்தா ரேடியேட்டர் கடையில ஈயம் வச்சுப் பத்த வைக்கணும். இந்த இடத்துல மட்டும் காசு மிச்சம் பார்க்காதீங்க. பெட்ரோல் ஆவி காற்றுல சுமார் 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா தீப்பிடிக்கும். நிறைஞ்ச டேங்க்குக்குள்ள அந்தக் கலவைக்கு இடமே இல்ல. 'காலி'ன்னு நாம நினைக்கிற டேங்க்லதான் அது கச்சிதமா உக்காந்திருக்கும். காற்றைவிடக் கனமான ஆவி அது, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சாலும் மூலையில கிடக்கும், பிசின்ல இருந்து சூடு பட்டதும் மறுபடி கிளம்பும்.

நல்ல வேலைக்காரர் முதல்ல சோப்புத் தண்ணி, நீராவின்னு பல தடவை கழுவுவார். பிறகு டேங்க்ல தண்ணியை நிரப்பி, பத்த வைக்கிற இடத்துல மட்டும் கொஞ்சம் இடம் விடுவார். "எப்படி அண்ணாச்சி கழுவுவீங்க?"ன்னு கேளுங்க. "அதெல்லாம் பழகின கை, ஒண்ணும் ஆகாது"ன்னு நேரா கேஸ் டார்ச்சை எடுத்தா, டேங்க்கைத் தூக்கிட்டு வந்துருங்க. 300 ரூபாய் கூடக் கேட்டாலும் கழுவுற கடைதான் நமக்கு வேணும்.

டேங்க்குக்குள்ள ஊத்துற எபாக்சி சீலர்னும் ஒண்ணு கிடைக்குது. நிறைய சின்ன ஓட்டை, ஆனா தகடு உறுதியா இருக்குங்கிற நிலைமையில மட்டும் அது சரி. ஈரமோ எண்ணெயோ மிச்சம் இருந்தா ஒரு வருஷத்துல தோல் உரிஞ்சு, அதே உறிஞ்சு குழாயை அடைக்கும். அப்புறம் அதை எடுக்கிறது துருவை எடுக்கிறதைவிடக் கஷ்டம். வாங்கும்போது எத்தனால் பெட்ரோலைத் தாங்கும்னு டப்பாவுல எழுதியிருக்கான்னு பாருங்க. எம்-சீல் ஒட்டுறது வீட்டுக்கு ஓட்டிட்டு வர்ற அளவுக்குத்தான்.

டேங்க் சொன்ன பதிலும் ஆர்.சி. சொல்ற பதிலும்

டேங்க்கைப் பார்த்தாச்சு. லேசான துரு, உறுதியான தகடுன்னா, வண்டியைக் கொஞ்சம் கவனிச்சு நிறுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த கட்டச் செலவைப் பத்தி யோசிக்கலாம். டேங்க் அப்பளமா போயிருந்தா அதே ஈரம் கதவடி, தரைத் தகடு, பிரேக் குழாய் எல்லாத்தையும் தொட்டிருக்கும். ஒன்றரை லட்சம்னு சொன்ன பில் மூணு லட்சத்துக்குப் போறது அந்த மாதிரி வண்டியிலதான். அங்க நிறுத்திக்கிட்டா உங்க நஷ்டம் ரெண்டு நாள் உழைப்பும் கொஞ்சம் எலுமிச்சை உப்பும்.

ஆனா பெயின்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. சொந்த கார் முதல் பதிவுல இருந்து 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், படிவம் 25. 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்ட் அறிவிப்புல 20 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு 10,000 ரூபாய். தமிழ்நாட்டுப் பசுமை வரி தனி. புதுப்பிக்கத் தவறினா மாசத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம்னு 2021 அறிவிப்புலயே இருக்கு. மூணு வருஷம் விட்டிருந்தா 18,000, கூட 10,000, மொத்தம் 28,000 ரூபாய். வண்டி கொட்டகையில சும்மா நிக்குதுன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம், அது மாசம் 500 ரூபாய் சாப்பிட்டுக்கிட்டிருக்கு. டிஎன்-72 ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உங்க வண்டிக்கு எவ்வளவு நிக்குதுன்னு முதல்ல கணக்கு கேட்டுருங்க.

தாத்தா பேர்ல ஆர்.சி. இருந்து அவர் இப்ப இல்லைன்னா, வாரிசுக்கு மாத்தணும், படிவம் 31. சட்டப்படி இதை மூணு மாசத்துக்குள்ள கொடுத்திருக்கணும். பல வீட்ல கொடுத்திருக்க மாட்டாங்க. சித்தப்பா, அத்தை எல்லாரோட சம்மதமும் வேணும். நீங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி வண்டி பளபளன்னு ஆனதுக்கு அப்புறம் இந்தச் சம்மதத்தைக் கேக்கப் போனா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தகரம் துருப்பிடிச்சுக் கிடக்கும்போதே கையெழுத்து வாங்கிருங்க.

இன்ஷூரன்ஸ்ல ஒரு நுணுக்கம். 2022 ஜூன் 1ல இருந்து வந்த தேர்ட் பார்ட்டி கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை கார்னா 3,416 ரூபாய், 1500க்கு மேல போனா 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பழைய அம்பாசிடரோட 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் முதல் பிரிவுல வந்துரும். 1990கள்ல வந்த இசுசு 1800 எஞ்சின் வண்டி ரெண்டாவது பிரிவு. வெளியில பார்க்க ரெண்டும் ஒரே வண்டிதான், வருஷத்துக்கு 4,481 ரூபாய் வித்தியாசம். 1489 சிசி வண்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 4,031 ரூபாய், ஆர்.சி. கட்டணத்தை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா 2,000. ஒரு சொட்டு பெட்ரோல் போடாமலே மாசம் 500 ரூபாய் நிரந்தரச் செலவு. முழுக் காப்பீடு எடுக்கிறதா இருந்தா, அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு ஐ.டி.வி. எவ்வளவுங்கிறதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். அப்போ டேங்க்ல இருந்து எல்லா வேலைக்கும் பில்லும் போட்டோவும் கையில இருந்தா பேச வசதி.

முதல் பதிவு 50 வருஷத்தைத் தாண்டி, உருவமும் மாறாம இருந்தா விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 2021 ஜூலை விதிப்படி கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல பாதி தள்ளுபடி உண்டு. ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புன்னு சில காரணங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். தினமும் பாளையங்கோட்டையில இருந்து ஆபீஸ் போக அது உதவாது.

டேங்க்கை மாட்டின பிறகு, பம்ப்புக்கு முன்னாடி உள்ளிருக்கிறது வெளியில தெரியுற மாதிரி ஒரு ஃபில்டர் போடுங்க. முதல் நூறு கிலோமீட்டர்ல ஒரு தடவை, ஐநூறுல ஒரு தடவை மாத்துங்க. முதல் ஃபில்டர்ல கொஞ்சம் செந்நிறம் வரும், பயப்பட வேண்டாம். ரெண்டாவதுலயும் அதே அளவு வந்தா டேங்க் வேலை அரைகுறை. ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல நிரப்பி வைங்க, காற்றுக்கு இடம் குறைஞ்சா வேர்க்கிறதும் குறையும். ஆனா இ20ஐ மாசக்கணக்குல தேங்க விடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊர்ல இருக்கிற தம்பிகிட்டயோ சித்தப்பாகிட்டயோ சொல்லி பாபநாசம் வரைக்கும் ஒரு ரவுண்டு. ஆச்சியையும் முன் சீட்ல ஏத்திக்கச் சொல்லுங்க.

படிவம் 31ஐ எப்படி நிரப்புறது, என்னென்ன ஆவணம் வேணும்னு அடுத்த வீடியோல ஒண்ணொண்ணாக் காட்டுறேன். அதுவரைக்கும் அந்த லோன் மெசேஜை டெலீட் பண்ணிட்டு, ஊருக்குப் போகும்போது ஒரு சைஃபன் பம்ப் வாங்கிட்டுப் போங்க.